சுடுதண்ணீர் வந்தால் மட்டும் போதுமா?

மார்கழி பிறந்துவிட்டால் நம்ம திண்டுக்கல்லிலும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட முடிவதில்லை. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றிக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு என்ன செய்வது? "அக்கா, கேஸ் கீசர் வாங்கப் போறோம். திறந்ததுமே சுடுதண்ணி வருமாம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இடுப்பில் நாலு மாதக் குழந்தை. "வாங்கு தாயி, எங்கே மாட்டப் போறே?" என்றேன். "பாத்ரூமுக்குள்ளேதான், வேறெங்கே?" என்றாள். அந்த 'வேறெங்கே'க்குத்தான் இந்தத் தடவை பதில் எழுதுகிறேன்.

அம்மா காலத்துச் செம்பு பாய்லர் ஞாபகம் இருக்கிறதா? நடுக் குழாயில் கரியும் சிரட்டையும் எரியும், சுற்றிலும் தண்ணீர் காயும். அதைக் கொல்லையிலோ முற்றத்திலோதான் வைப்பார்கள். புகை கண்ணைக் கரிக்குமே! கேஸ் கீசரிலும் எரிவது நெருப்புதான். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அதைக் குளிக்கிற அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

நெருப்புக்குக் காற்று வேண்டும். கதவைத் தாழ் போட்டு, குளிருக்காக ஜன்னலையும் சாத்திவிட்டால், அந்தச் சின்ன அறையில் இருக்கிற காற்றைத்தான் கீசரும் எடுக்கிறது, நாமும் எடுக்கிறோம். காற்று குறையக் குறைய கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் வாடை சேர்த்திருக்கிறார்கள். இதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு கால் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் திறக்கவே தெம்பு இருக்காது. நம் நாட்டில் இப்படிக் குளிக்கப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு.

லண்டனில் இருக்கிற என் அக்கா மகள் வீட்டில் 'காம்பி பாய்லர்' என்று சுவரில் ஒரு பெட்டி. குழாய்க்குச் சுடுதண்ணீரும் அதுவே தருகிறது, அறைகளுக்குக் கதகதப்பும் அதுவே. இந்தக் காலத்துப் பெட்டிகள் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் குழாய் வழியே வெளியிலேயே தள்ளிவிடுகின்றன. அப்படியும் அங்கே வாடகை வீடென்றால் வருஷம் ஒரு தடவை, பதிவு பெற்ற ஆளைக் கொண்டு வீட்டுக்காரர் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். குளிர் தேசத்துக்காரர்களே இவ்வளவு ஜாக்கிரதை!

ஆகவே, கேஸ் கீசரை வாங்கினால் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான, மழை படாத இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். 'எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே' என்று மாட்ட வருபவர் சொன்னால் கேட்காதீர்கள். சுடர் நீலமாக எரியவேண்டும். மஞ்சளானால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். குளிக்கிறவருக்குத் தலை சுற்றினால் கதவைத் திறந்து காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வாருங்கள், கேஸை அடைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

வெளியே இடமே இல்லையா? கரண்ட் கீசரே மேல். செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சுடவைக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும்; 2,000 வாட்ஸ் கீசருக்குக் கால்மணி நேர வேலை. நாள் முழுக்கப் போட்டுவைத்தால்தான் பில் ஏறும். எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் கீசருக்குள் சுண்ணாம்பு படியும், நம் வெந்நீர்த் தவலையில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். சூடாக நேரமாகும், கரண்டும் கூடும். வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி, உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து போனால் டாங்க் அரிக்க ஆரம்பிக்கும்.

எந்தக் கீசரானாலும் குழந்தையைக் குழாயடியில் நேராகக் காட்டாதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் பிஞ்சுத் தோலைப் பொசுக்கிவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர். நன்றாகக் கலக்கி உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால், பிள்ளையைக் காலில் போட்டுக்கொள்ளலாம்.