கம்பெனி மாத்தியாச்சு... நெட் வேகம் ஏன் மாறலை?

தாம்பரம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு வயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பாதி கேபிள் டி.வி-க்கு, மீதி இன்டர்நெட்டுக்கு. சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் என எங்கே போனாலும் ஒரே தெருவில் மூன்று, நான்கு கம்பெனிகள் இணைப்புக் கொடுக்கின்றன. பழைய கம்பெனி பிடிக்கவில்லையா? ஒரு போன் போதும், மறுநாளே புது பாக்ஸ் வந்து சுவரில் ஏறிவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 200 எம்.பி.பி.எஸ் என்று சொல்லி, ஆறு மாதப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். படுக்கையறையில் சோதித்தால் 25-ஐத் தாண்டாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மருமகள், மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் உறைந்துபோவார். ‘உங்க வீட்டுல நெட் சரியில்லைன்னா ஆபீஸுக்கே வந்துடுங்களேன்’ என்று மேனேஜர் ஒருமுறை சொன்னால் பரவாயில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு அதையே மூன்றாவது முறை கேட்டால், வேலையே கேள்விக்குறியாகிவிடும். உடனே, ‘இதுவும் சரியில்லை, வேறு கம்பெனி பார்’ என்ற பேச்சு கிளம்பும்.

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் மாற்றியது கம்பெனியை மட்டும்தான். சுவர், வயர், பழைய ரவுட்டர், அது இருக்கும் இடம் என வீட்டுக்குள் மற்றவை அப்படியேதான் இருக்கின்றன. குறை அங்கே இருந்தால், எத்தனை கம்பெனி மாறினாலும் அது கூடவேதான் வரும்.

குறை வெளியிலா, உள்ளேயா?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் கடலுக்கடியில் போடப்பட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அந்த ஃபைபரில் ஒளி ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அக்கரைக்குப் போய்விடும். கடலையே தாண்டி வரும் நெட், பல வீடுகளில் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் இருபது அடியில்தான் தடுமாறுகிறது. அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குறை பாக்ஸுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதுதான்.

அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். புது பாக்ஸின் லேன் துளையில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். டி.வி., மற்றவர்களின் போன் எல்லாவற்றையும் சற்று நேரம் நெட்டிலிருந்து துண்டியுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் வி.பி.என்-னையும் அணையுங்கள், அது தனியாக வேகத்தைக் குறைக்கும். பிறகு வேகத்தைச் சோதியுங்கள். கம்பெனியின் சொந்த ஆப்பில் மட்டும் பார்க்காமல், வேறு ஒரு தளத்திலும் பாருங்கள். லேப்டாப்பில் லேன் துளை இல்லை என்றால், யு.எஸ்.பி-யில் செருகும் சின்ன அடாப்டர் கடையில் கிடைக்கும். வாங்கும்போது ‘கிகாபிட்’ அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள்.

வயரில் சொன்ன வேகம் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால், குறை வீட்டுக்குள். வயரிலேயே வரவில்லை என்றால், பாக்ஸையும் அதற்கு வெளியே இருப்பதையும் கம்பெனிதான் பார்க்க வேண்டும். போன் எடுத்துச் சண்டை போடுவதற்கு முன் இந்த ஐந்து நிமிடச் சோதனை அவசியம்.

94 என்று நிற்கிறதா?

200 எம்.பி.பி.எஸ் திட்டம். வயரில் எத்தனை முறை பார்த்தாலும் 93, 94, 95 என்றே வருகிறது. இது நல்ல துப்பு. வழியில் ஏதோ ஒன்று 100-க்கு மேல் ஓட முடியாதது என்று பொருள். பழைய ரவுட்டரின் துளையாக இருக்கலாம். எட்டு கம்பிகள் கொண்ட லேன் வயரில் நான்கு மட்டும் பிணைக்கப்பட்டிருக்கலாம். அல்லது ஒரு கம்பி அறுந்திருக்கலாம். 100 எம்.பி.பி.எஸ்-க்கு நான்கு கம்பிகள் போதும். அதற்கு மேல் போக எட்டும் வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் ஃபைபர் தரைத்தளம் வரைதான் வரும். அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் வயரை இழுத்திருப்பார்கள். அந்தப் பெட்டி பழையதென்றால் மேலே இருக்கும் எல்லா வீட்டுக்கும் அதுதான் எல்லை. இணைப்பு வாங்கும்போதே, ‘ஃபைபர் எங்க வீட்டுக்குள்ள வருதா, கீழேயே நின்னுடுதா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

பழைய பாக்ஸை என்ன செய்தீர்கள்?

கம்பெனி மாறும் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. பழைய ரவுட்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று புது பாக்ஸோடு அதையும் இணைத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் போன்கள் எல்லாம் பழைய வைஃபை பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். புது பாக்ஸ் வேகமாக இருந்தும், நெட் பழைய ரவுட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வரும். ஒருநாள் பழையதை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து, வைஃபை பெயர்கள். பல பாக்ஸ்களில் இரண்டு பெயர்கள் தெரியும்; ஒன்றின் முடிவில் ‘5ஜி’ என்று இருக்கும். இது மொபைல் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலை என்று அர்த்தம். அது வேகமானது, ஆனால் சுவரைத் துளைத்துப் போகும் சக்தி குறைவு. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். தூரம் போகும், வேகம் குறைவு. மைக்ரோவேவ் அவன், புளூடூத், பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே அலைவரிசையில்தான் முட்டி மோதுகின்றன. பாக்ஸ் இருக்கும் அறையில் வேலை பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

பாக்ஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒயரை இழுக்கச் சிரமம் என்று டெக்னீஷியன் வாசல் பக்கமே மாட்டிவிட்டுப் போவார். பார்க்க நன்றாக இல்லை என்று வீட்டுக்காரர் அதை டி.வி. ஷோகேஸுக்குள் தள்ளிவிடுவார். இரும்பு பீரோ, கண்ணாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம் எல்லாம் அலையைத் தடுக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் அதே பாக்ஸ் வேறு மாதிரி வேலை செய்யும். மாடி வீடு என்றால், ரிப்பீட்டரைவிட, ஒரு லேன் வயரை மேலே கொண்டுபோய் அங்கே இன்னொரு பாக்ஸ் வைப்பதே நல்லது. சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

இரவு 9 மணிக்கு மட்டும் இழுக்கிறதா?

வயரில் காலை 6 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை சோதியுங்கள். காலையில் 190, இரவில் 40 என்றால் வீட்டில் குறையில்லை. பெரும்பாலான வீட்டு ஃபைபர் இணைப்புகளில் சுமார் 2,500 எம்.பி.பி.எஸ் கொள்ளளவுள்ள ஒரே ஃபைபரை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கிரிக்கெட்டும் சினிமாவும் ஓடும்போது, அங்கேயோ அதற்கு மேலேயோ நெரிசல் வரலாம். அதைச் சரிசெய்வது கம்பெனியின் வேலை.

நாள் முழுவதும் குறைவாகவே இருந்தால், ஃபைபரைக் கவனியுங்கள். மெல்லிய அந்த வயரை ஜன்னல் இடுக்கில் மடக்கியிருந்தாலும், சோபாவுக்குப் பின்னால் நசுங்கியிருந்தாலும் ஒளி கசியும். டெக்னீஷியன் வரும்போது ஒளியின் அளவைக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான பாக்ஸ்களுக்கு மைனஸ் 27 என்பது எல்லை. அதை நெருங்கினாலே தடங்கல் வரும். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால், திட்டத்தின் டேட்டா வரம்பு முடிந்திருக்கலாம். வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டியது கம்பெனியின் கடமை.

இன்னொரு குழப்பம்: 100 எம்.பி.பி.எஸ் இணைப்பில் ஒரு ஃபைல் இறங்கும்போது 12 எம்.பி. என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கம்பெனி சொல்வது பிட் கணக்கு. கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, கணக்கு சரிதான்.

புகார் எழுதும் விதம்

‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று போனில் சொன்னால், ‘பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதே பதிலாக வரும். ‘வயரில் சோதித்தேன், மூன்று நாள், காலை இத்தனை, இரவு இத்தனை’ என்று தேதியோடு எழுதி, திரைப்படங்களையும் இணைத்து அனுப்புங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. டிராய் அமைப்பு தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம்.

அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவை தொடர்பான புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம்வாசிகளுக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது.

இனி கம்பெனி மாற்றப்போகிறவர்களுக்கு மூன்றே விஷயங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஆறு மாதச் சலுகை எங்கும் ஓடிவிடாது. பழைய இணைப்பைப் புதியது வந்த அன்றே துண்டிக்காமல் ஒரு வாரம் வைத்திருங்கள். துண்டிக்கும்போது எழுத்தில் தெரிவித்து, பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால், ஓடாத நெட்டுக்கும் பில் வந்துகொண்டே இருக்கும்.