டிரைவ் எங்கே போச்சு?

உங்கள் வீட்டு மடிக்கணினியின் சிடி தட்டைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? பலருக்கு நினைவிருக்காது. அண்மையில் கணினி வாங்கியவர்களுக்கு அந்தத் தட்டே இருக்காது. ஆனால் அலமாரியில், காலி பிஸ்கட் டின்னுக்குள், சிடியும் டிவிடியுமாக ஓர் அடுக்கு நிச்சயம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பாலர் பள்ளிப் பட்டமளிப்பு, தாத்தாவின் மணிவிழா. ஏறக்குறைய 2000 முதல் 2012 வரை நம் குடும்பங்களில் நடந்த நல்லது பொல்லாதது எல்லாம் அந்த டின்னுக்குள்தான். அதற்கு முந்தியது ஆல்பத்தில் இருக்கிறது. பிந்தியது கைப்பேசியில் இருக்கிறது. இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு வருடம் மட்டும் ஒரு சின்ன டிரைவை நம்பிக் கிடக்கிறது.

அந்த டிரைவைத்தான் கணினி ஒருநாள் திடீரென்று 'யார் நீ?' என்று கேட்கிறது.

வானொலியில் வேலை என்றால் 'குரல்' சம்பந்தப்பட்ட எல்லாமே நமக்குத் தெரியும் என்று தாமானில் ஒரு நம்பிக்கை. அதனால் இந்தப் புகார் மாதம் ஒன்றாவது என்னிடம் வந்துவிடும். "டிரைவ் வேலை செய்யல" என்பார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: டிரைவே தெரியவில்லையா, இல்லை, டிரைவ் தெரிந்தும் சிடி ஓடவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்கு உள்ள மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துத்தான் பாதி டிரைவுகள் குப்பைக்குப் போகின்றன.

'திஸ் பிசி'யைத் திறந்தால் டிரைவின் படம் இருக்கிறது, சிடி போட்டால்தான் ஒன்றும் வரவில்லை என்றால், கணினி டிரைவை அடையாளம் கண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது வேறொரு சிடியைப் போட்டுப் பாருங்கள். பிறகு ஒரு டிவிடியைப் போடுங்கள். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே டிரைவுக்குள் இரண்டு வகைக் கண்கள். டிவிடி ஓடுகிறது, எந்தச் சிடியும் ஓடவில்லை என்றால் ஒரு கண் மங்கிவிட்டது. எந்த மென்பொருளைப் பதிவிறக்கினாலும் அது தெளியாது. இன்னொன்று, விண்டோஸ் 8-க்குப் பிறகு டிவிடி படம் ஓட்டும் வசதி அந்தக் கணினிகளுடன் இயல்பாக வருவதில்லை. டிரைவ் நன்றாகவே இருக்கும், நாம் அதன்மேல் பழி போட்டுக்கொண்டிருப்போம். வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைப் போட்டால் படம் ஓடும்.

டிரைவின் படமே காணவில்லை என்பதுதான் கொஞ்சம் துப்பறிய வேண்டிய கேஸ். முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட்டவுன்' செய்து மறுபடி திறப்பதும் அதுவும் ஒன்றுதானே என்று நினைப்போம். ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, ஷட்டவுனில் கணினி அரைத்தூக்கம்தான் தூங்குகிறது. பழைய குழப்பத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட்டில்தான் முழுவதும் புதிதாகத் தொடங்குகிறது.

அப்படியும் வரவில்லையா? ஸ்டார்ட் பொத்தானை வலது பக்கம் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். அங்கே டிவிடி டிரைவுக்கு ஒரு வரி இருக்க வேண்டும். வரி இருந்து, பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் இருந்தால், டிரைவ் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கும் விண்டோஸுக்கும் நடுவில் யாரோ குறுக்கே நிற்கிறார்கள். பெரும்பாலும் அது முன்பு எப்போதோ போட்டு, பிறகு நீக்கிய சிடி எழுதும் மென்பொருளின் மிச்சம். வரியை இருமுறை கிளிக் செய்தால் கோட் 19, கோட் 39 என்று ஏதாவது ஓர் எண் காட்டும். முதலில் அந்த டிரைவை 'அன்இன்ஸ்டால்' செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸே மறுபடி தேடிப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் மசியாவிட்டால், ரிஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை நீக்க வேண்டும் என்று இணையத்தில் எல்லாரும் சொல்வார்கள். அது சரியான வைத்தியம்தான். ஆனால் அவை இருக்கும் இடத்தின் பெயர் 4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட எண். கொஞ்சம் கீழேயே 4டி36இ967 என்று தொடங்கும் இன்னொன்று இருக்கிறது. அது ஹார்ட் டிஸ்க்கினுடையது. அங்கேயும் இதே பெயரில் பதிவுகள் இருக்கும். 965-க்குப் பதில் 967-இல் கை வைத்தால், டிரைவைத் தேடிப் போன இடத்தில் கணினியே எழுந்திருக்காமல் போகலாம். ஆகவே நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் தொடாதீர்கள். கண்ணாடி போட்டும் எண் சரியாகத் தெரியாத வயதுக்காரர்கள், வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வது உத்தமம்.

டிவைஸ் மேனேஜரில் அந்த வரியே இல்லையென்றால்? எதிர் வீட்டு அக்காவின் கதை அதுதான்.

அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மண்டபத்தில் தாத்தாவின் குரலில் இரண்டு வார்த்தை ஒலிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தேவாரம் நன்றாகப் பாடுவார். 2006-இல் மணிவிழாவில் அவர் பாடியதையும் பேசியதையும் உறவுக்காரப் பையன் ஒருவர் சிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஐந்து வருடத்தில் பெரியவர் தவறிவிட்டார். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

"தம்பி, போன வாட்டி பார்த்தப்ப இதே லேப்டாப்புலதான் ஓடுச்சு. இப்ப டிரைவே இல்லங்குது" என்றார் அக்கா.

டிவைஸ் மேனேஜரில் வரி இல்லை. தட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் அசைவில்லை, விளக்கும் எரியவில்லை. இந்த நிலையில் ரிஜிஸ்ட்ரி பக்கமே போகக் கூடாது. மின்சாரமே போகாத பொருளை மென்பொருள் எப்படி எழுப்பும்? கணினி எழும்போதே எஃப்2 அல்லது எஃப்10 விசையை அழுத்தி (தயாரிப்புக்குத் தகுந்தபடி விசை மாறும்) பயாஸ் பக்கத்துக்குப் போனேன். விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே கணினியின் உடம்பில் என்னென்ன உறுப்பு இருக்கிறது என்று காட்டும் பக்கம் அது. அங்கே டிவிடி டிரைவ் இல்லை. அதற்குப் பதில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன.

"அக்கா, இத எப்பவாவது கடைக்குக் குடுத்தீங்களா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்ன ரொம்ப ஸ்லோன்னு சொல்லி மகன் குடுத்தான். அதுக்கப்புறம் நல்லா ஃபாஸ்ட்டா இருக்கு."

விஷயம் விளங்கிவிட்டது. பழைய மடிக்கணினியை வேகப்படுத்த, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி போடுவார்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வீணாக்க வேண்டாம் என்று, டிவிடி டிரைவை உருவிவிட்டு, அந்தப் பொந்தில் ஒரு சட்டத்துக்குள் வைத்துச் செருகுவார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் கேடி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது நல்ல பிள்ளைதான். ஓட்டை தெரியக் கூடாது என்று பழைய டிரைவின் முகப்பு மூடியை எடுத்து அதன் முன்னால் ஒட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டிரைவ், பொத்தான் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே ஆள் வேறு. கடைக்காரர் சொல்லித்தான் செய்திருக்கிறார், மகனும் தலையாட்டியிருக்கிறார். சிடி வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

மகன் அன்றைக்கே லோயாட் பிளாசாவுக்குப் போய், யுஎஸ்பி-யில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி வந்தார். அதையும் கணினி கண்டுகொள்ளவில்லை. டிக், டிக் என்று சத்தம் வரும், நின்றுவிடும். கடையில் மாற்றலாம் என்று கிளம்பியவரை நிறுத்தி, எங்கே செருகினீர்கள் என்று பார்த்தால், ஒரு சின்ன ஹப்பில், மௌஸுக்கும் விசைப்பலகைக்கும் நடுவில். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று கொடுப்பதே 500 மில்லி ஆம்பியர்தான். சிடியைச் சுழற்றித் தொடங்கும் நேரத்தில் டிரைவ் அதற்கு மேலும் கேட்கும். அந்த 500-ஐயும் மூன்று பேருக்குப் பங்கு போட்டால் எப்படி? இரண்டு தலை உள்ள கம்பியோடு சில டிரைவுகள் வருவது இதற்குத்தான். ஹப்பிலிருந்து பிடுங்கி நேராகக் கணினியில் செருகினோம். படம் வந்துவிட்டது.

அடுத்து நடந்ததை எல்லாரும் கவனிக்க வேண்டும். மகன் சிடியைத் திறந்தார். டிராக் 1, டிராக் 2 என்று 11 கோப்புகள். அத்தனையையும் இழுத்துப் பென்டிரைவில் போட்டார். இரண்டு நொடியில் முடிந்தது. "ஆச்சுமா, காப்பி பண்ணிட்டேன்" என்றார். ஒன்றும் ஆகவில்லை. பாட்டுச் சிடியில் தெரியும் அந்தக் கோப்புகள் சிடிஏ வகை. ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அதில் குரல் இல்லை. குரல் சிடியில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற முகவரி மட்டும்தான். சிடி தரத்தில் ஒரு நிமிட ஒலி சுமார் 10 எம்பி வரும். 11 பாட்டு இரண்டு நொடியில் ஏறினால் சந்தேகப்படுங்கள். எத்தனை வீடுகளில் 'எடுத்து வைத்துவிட்டோம்' என்று அசல் சிடியைத் தூக்கி எறிந்திருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறந்து 'ரிப்' கொடுக்க வேண்டும். வேவ் அல்லது ஃபிளாக் வகையில் எடுங்கள், கைப்பேசிக்கு வேண்டுமானால் பிறகு எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம். கல்யாண டிவிடியாக இருந்தால் 'விடியோ டிஎஸ்' என்ற முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்தால் பெரும்பாலும் போதும்.

ஆறு டிராக் ஏறியது. ஏழாவதில் நின்றுவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தோம். பளபளக்கும் அடிப்பக்கத்தில் லேசான கீறல்கள்தான். அவை பெரிய பாதகமில்லை. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவும் வட்டமாகவே ஓடுவதால், கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நீளமாகச் சேதமாகும். நிஜமான கோளாறு மேல்பக்கத்தில் இருந்தது. 'அப்பா 60' என்று பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்கள். சிடியின் பதிவு இருப்பது அடியில் அல்ல, மேலே, பெயர் எழுதும் பக்கத்துக்குக் கீழே, மெல்லிய பூச்சு ஒன்றுக்கு அடியில். அங்கே பேனா முனை பதிந்தால் நேரே குரலின்மேல்தான் பதியும்.

இதற்கு மேல் அந்த டிரைவோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆனால் ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொரு டிரைவ் படித்துவிடும். எங்கள் நிலையத்தில் பழைய சிடிகளைக் கணினிக்கு மாற்றிய நாட்களில் மூன்று டிரைவுகளை வரிசையாக வைத்திருந்தோம். கழற்றிய பழைய டிரைவைக் கடைக்காரர் என்ன செய்தார் என்று கேட்டேன். மகன் மாடிக்குப் போய், பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி கொண்டு வந்தார். மடிக்கணினி டிரைவை வைத்து யுஎஸ்பி-யில் செருகும் கூடு தனியாகவே விற்கிறது, தடிப்பு 9.5 மில்லிமீட்டரா 12.7-ஆ என்று மட்டும் அளந்துவிட்டு வாங்க வேண்டும். மறுநாள் அது வந்தது. நாற்பது நிமிடம் முனகி முனகி, அந்தக் கிழட்டு டிரைவ் ஏழாவது டிராக்கைப் படித்து முடித்தது.

பதினொன்றும் இப்போது அக்காவின் கைப்பேசியில், மகனின் ஹார்ட் டிஸ்க்கில், ஜொகூரில் இருக்கும் தங்கை வீட்டுக் கணினியில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. மண்டபத்தில் போடுவதற்காக ஏழாவதை நான் கொஞ்சம் சீர்செய்து கொடுத்தேன். அதில்தான் தாத்தா பேத்திகளை வாழ்த்துகிறார். அதற்கு முன் பத்து நொடி, "மைக் வேல செய்யுதா? பின்னாடி கேக்குதா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறார். வானொலிப் பழக்கத்தில் கை தானாக அதை வெட்டப் போனது.

"அத எடுத்துறாத தம்பி" என்றார் அக்கா. "அதுதான் அப்பா."