டேக்வாண்டோ வேரூன்றிய நாட்டில் சிலம்படி ஏன் வேரூன்றவில்லை?

ஜேர்மனியில் டேக்வாண்டோவைப் பரப்பியவர்களில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த கொரியர்களும் உண்டு. 1963 டிசம்பரில் மேற்கு ஜேர்மனியும் தென்கொரியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1977 வரை ஏறத்தாழ 8,000 கொரிய இளைஞர்கள் இங்குள்ள சுரங்கங்களுக்கு வந்தார்கள். மருத்துவமனைகளுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான கொரியத் தாதியர் வந்தார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு மூன்று வருட ஒப்பந்தம். முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. அப்படி வந்தவர்களில் சிலர்தான், தாங்கள் ஊரில் பழகிய கலையை இந்த ஊர்க்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

1965இல் தென்கொரிய ஜெனரல் சோய் ஹோங் ஹி தலைமையில் ஒரு செயல்விளக்கக் குழு மேற்கு ஜேர்மனிக்கு வந்தது. கல்லைக் கையால் உடைத்துக் காட்டிப் புகழ்பெற்ற க்வொன் ஜே-ஹ்வா அந்தக் குழுவில் ஒருவர். அவர் பின்னர் இங்கே ஆசிரியராகவும் இருந்தார். 1966இல் சியோலில் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் ஒன்பது நிறுவன நாடுகளில் மேற்கு ஜேர்மனியும் ஒன்று. 1979இல் ஸ்டுட்கார்ட்டை அடுத்த சிண்டெல்ஃபிங்கனில் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது. முதல் சுரங்கத் தொழிலாளி வந்து இறங்கி அதற்குள் பதினாறு வருடங்கள்தான் ஆகியிருந்தன.

ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சி மண்டபத்தில் நான் மாலை நேரங்களில் சிறுவர்களுக்கு டேக்வாண்டோ சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் இல்லை, தொண்டுதான். என் வகுப்பில் துருக்கிப் பிள்ளைகள், சிரியப் பிள்ளைகள், போலந்துப் பிள்ளைகள், ஜேர்மன் பிள்ளைகள், நம் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். கொரியப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஹனா, துல், செட் என்று கொரிய எண்களைச் சொல்லித்தான் உதைக்கிறார்கள். வகுப்புக்குள் வரும்போதும் போகும்போதும் குனிந்து வணங்குகிறார்கள்.

என் அப்பா இலங்கையின் வடமராட்சியில் இளமையில் நம் கம்புக் கலையான சிலம்படி பழகியவர். 1983இல் அங்கு தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்கு வந்து, உணவகச் சமையலறைகளில் உழைத்து எங்களை ஆளாக்கினார். அவரிடம் கம்பு பிடிக்கப் பழகியவர்கள் நானும் தம்பியும் மட்டும்தான். பக்கத்து வீட்டு ஜேர்மன் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆசையோடு பார்த்தார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நம் சிலம்படி பொங்கல் விழாவிலும் தமிழ்ப் பள்ளியான தமிழாலயத்தின் ஆண்டு விழாவிலும் மேடையேறுகிறது. பார்ப்பவர் தமிழர், கைதட்டுபவர் தமிழர். விழா முடிந்ததும் கம்பு மூலைக்குப் போய்விடுகிறது.

கொரியர்களின் வெற்றிக்கு அவர்களுடைய அரசு கொடுத்த கைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சியோலில் 1972இல் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் எழுந்தது. 1973இல் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு தொடங்கியது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்த டேக்வாண்டோ, 2000 சிட்னியில் முழுமையான பதக்க விளையாட்டானது. இவ்வளவுக்கும் பின்னால் ஓர் அரசு இருந்தது. ஆனால் 1960களில் ஜேர்மனியின் மாலை வகுப்புகளில் எந்த அரசும் நிற்கவில்லை. அங்கே நின்றவர்கள் ஆசிரியர்கள்தான்.

நம் அமைப்புகளுக்குள் ஒற்றுமை இல்லை, அதனால் முடியாது என்பது அடுத்த வாதம். டேக்வாண்டோவிலும் ஒற்றுமை இருக்கவில்லை. அந்தப் பெயருக்கே காரணமானவராகச் சொல்லப்படும் சோய் ஹோங் ஹி 1972இல் தென்கொரியாவை விட்டுக் கனடாவுக்குப் போனார். இன்றுவரை உலகில் ஒன்றுக்கு மேற்பட்ட டேக்வாண்டோ கூட்டமைப்புகள் உண்டு, விதிகளும் வேறு வேறு. அந்தப் பிளவுகளோடுதான் கலை வளர்ந்தது.

மூன்றாவது வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நாங்கள். மிஞ்சியதை முதலில் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்போம், பிறகு ஊருக்குக் கொடுப்போம் என்கிறார்கள் பெரியவர்கள். சனிக்கிழமைகளில் ஓய்வை விட்டுத் தமிழாலயங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களால்தான் என் பிள்ளைகள் இன்று தமிழ் வாசிக்கிறார்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் இங்கே பிறந்த பிள்ளை, தன் வகுப்புத் தோழி மதிக்கும் கலையைத்தான் தானும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஊருக்குக் கொடுப்பதும் நம் பிள்ளைக்குக் கொடுப்பதுதான்.

கொரிய ஆசிரியர்களின் வழி தெளிவானது. வந்தவர் எவராயினும் கற்பித்தார்கள். வெள்ளைப் பட்டியில் தொடங்கிக் கறுப்புப் பட்டி வரை படிகள் வைத்தார்கள். அடுத்த படிக்கு என்ன தெரிய வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிந்தது. இங்கு ஏற்கெனவே இருந்த விளையாட்டு அமைப்புக்குள் நுழைந்தார்கள். முதலில் ஜேர்மன் ஜூடோ கூட்டமைப்பின் ஒரு பிரிவாகவே டேக்வாண்டோ இருந்தது. 1981இல்தான் ஜேர்மன் டேக்வாண்டோ யூனியன் தனியாக உருவானது.

அதன் பலனைப் பாருங்கள். சிட்னியில் ஜேர்மனிக்கு வெள்ளி வென்ற ஃபைசல் எப்னூதாலிப் மொரோக்கோவில் பிறந்தவர். 2012 லண்டனில் வெண்கலம் வென்றவர் ஹெலேனா ஃப்ரோம். 2013இல் மெக்சிகோவின் புவெப்லாவில் உலக சாம்பியனான தாஹிர் குலெச் நியூரென்பெர்க்கின் துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை. கொரியாவின் கலை மொரோக்கோக்காரருக்கும் துருக்கியருக்கும் ஜேர்மன் சட்டையில் மேடையேற வழி செய்தது. அதனால் கொரியா எதையும் இழக்கவில்லை.

சிலம்படிக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஜேர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தை, இங்கே ஃபெராயின் என்கிறோமே, அதை நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். அதைவிட எளிய வழி, உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டுச் சங்கத்தின் கதவைத் தட்டி, சிலம்படிக்கு ஒரு பிரிவு கேட்பது. மண்டப நேரமும் காப்புறுதியும் அவர்களிடம் இருக்கும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சங்கக் கட்டணத்துக்காக மாதம் 15 யூரோ அரசே தருகிறது. இளைஞர்கள் 120 பாடவேளை படித்து விளையாட்டுப் பயிற்றுநர் உரிமம் எடுக்கலாம். சிறுவர்களோடு பழகப் பொலிஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். அதையும் தயங்காமல் எடுங்கள்.

விளக்கத்தை ஜேர்மன் மொழியில் சொல்லுங்கள். அடிமுறைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் தமிழிலேயே வையுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொரிய எண்கள் வரும் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று வராதா? படிகளை எழுதி வையுங்கள். பெண்களை ஆசிரியராக்குங்கள், ஆசிரியை நிற்கும் மண்டபத்தில் பெண் பிள்ளைகள் பதினாலு வயதுக்குப் பிறகும் நிற்பார்கள் என்பதை நான் என் வகுப்பிலேயே காண்கிறேன்.

இதற்கு அவகாசம் அதிகம் இல்லை. ஊரில் முறையாகச் சிலம்படி பழகி இங்கு வந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களுடைய கைப்பழக்கமும் இங்கே வளர்ந்த பிள்ளைகளின் மொழியும் ஒரே மண்டபத்தில் சேரக்கூடிய கடைசி ஆண்டுகள் இவை. கம்பு பிடிக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பக்கத்து வீட்டு ஜேர்மன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.