கலப்பு என்னும் குற்றச்சாட்டு

அண்மையில் மூன்று நூல்களை அடுத்தடுத்துப் படித்தேன்: கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976), தமிழ்ப்பற்றின் வரலாற்றைச் சுமதி ராமசாமி ஆராய்ந்த நூல் (1997), தெலுங்கு 'தாய்மொழி'யான கதையை லிசா மிட்செல் ஆராய்ந்த நூல் (2009). மூன்றையும் மூடிவைத்தபின் எஞ்சியது நம் துறையின்மீதான சினமே.

தெலுங்கு நாட்டிலிருந்து தப்பித் தெற்கே வந்து, கரிசலில் காடு திருத்திக் குடியேறியோரின் கதை கோபல்ல கிராமம். அதைத் தமிழ் இலக்கியத்தின் பெருமிதம் என்று கற்பிக்கிறோம், நன்று. எதிர்த்திசையில் என்ன செய்கிறோம்? 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. கோடுதான் நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. எங்கள் புத்தலப்பட்டுப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவரின் பேச்சைக் 'கலப்பு', 'சிதைவு' என்ற இரு சொற்களில் முடித்துவிடுகிறோம்.

மொழியை ஓரினத்தின் அடையாளமாகக் கொள்ளும் உணர்வு தெலுங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே உருப்பெற்றது என்கிறார் மிட்செல். தமிழ் அன்னையாகவும் தெய்வமாகவும் போற்றப்பட்ட வரலாற்றை 1891 முதல் 1970 வரை பின்தொடர்கிறார் சுமதி ராமசாமி. இவர்களை மேற்கோள் காட்டும் நாமே களத்தில் இறங்கியதும் 'தூய பேச்சாளரை'த் தேடுகிறோம். மராத்தி, கன்னடம், உருது ஆகியவை இலக்கணத்தில் நெருங்கிய குப்வார் என்னும் சிற்றூரைக் கம்பெர்சும் வில்சனும் 1971இல் விவரித்ததை வகுப்புதோறும் வியக்கிறோம். அங்கே அது கோட்பாடு. சித்தூரில் மட்டும் பிழையா?

ஒரு வட்டார வழக்கைத் தனித்து விவரிக்கத் தகவலாளரை வரையறுத்தல் வேண்டும் என்பர். ஒப்புகிறேன். ஆனால் வரையறை ஆய்வுக்கான வசதி. ஒருவரின் மொழியுரிமை குறித்த தீர்ப்பன்று.

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. முதுகலை ஆய்வேட்டுக்காகத் தகவலாளர் பட்டியலிட்டபோது, என் பாட்டியின் பெயரை நானே அடித்தேன். காரணம் எழுதும் இடத்தில் 'தெலுங்குத் தாக்கம்' என்று குறித்தேன். எனக்குத் தமிழ் தந்தவர் அவர்.

முனைவர் பட்ட ஆய்வின் பட்டியலில் முதற்பெயர் அவருடையது. நண்பர்களே, உங்கள் பட்டியல்களில் அடிக்கப்பட்ட பெயர்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். நம் இலக்கணங்கள் விடுத்த மொழி அங்கேதான் இருக்கிறது.