தேவாங்கும் தலைச்சுமை விறகும்

2022-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைப் பிரகடனம் செய்தனர். இந்தியாவில் தேவாங்குக்கென ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுவே. கரூர் ஜில்லாவின் கடவூர் தாலுகாவோடு, திண்டுக்கல் ஜில்லாவின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களிலுள்ள காடுகளும் இதில் அடங்கும். விஸ்தீரணம் 11,806 ஹெக்டேர். வாயில்லா ஜீவனுக்கு அபயமளித்த இச்செய்கையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், அக்காட்டோரத்தில் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டும் ஏழைக் குடிகளின் கதி யாது என்று கேட்பதும் நமது கடமையாகும்.

“எரிவாயு வந்துவிட்டதே, இன்னும் விறகு எதற்கு?” என்று பட்டணவாசிகள் வினவக்கூடும். 2006-ஆம் வருஷத் தேர்தலுக்குப்பின் மாகாண சர்க்கார் இலவச அடுப்பு வழங்கியதும், 2016-இல் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியதும் உண்மையே. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு 43 வீடுகளே புகையில்லா எரிபொருளில் சமைத்தன. தமிழ்நாட்டின் நிலைமை இதனினும் மேலானதே. ஆனால் கூலி கிடைக்காத மாதத்தில் சிலிண்டருக்குப் பணம் ஏது? நத்தத்து மாந்தோப்பில் கழித்த கிளையும், புளியந்தோப்பில் விழுந்த சுள்ளியும் தோப்புடையவனுக்கே போதும். நிலமற்றவனுக்குக் காடே தோப்பு.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1972-ஆம் வருஷத்து வனஜீவன் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்திலிருந்து வனப்பொருளை அகற்றலாகாது என்கிறது. அனுமதி பெற்று அகற்றும் பொருளைச் சுற்றுப்புற ஜனங்கள் தங்கள் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கு ஆகாது என்றும் அதுவே கூறுகிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமோ சரணாலயங்களையும் தன் எல்லைக்குள் அடக்கிக்கொண்டு, புதர் விறகையும் அடிக்கட்டையையும் சிறு வனப்பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. பழங்குடியினருக்கும், மூன்று தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்து காட்டையே நம்பியிருக்கும் ஏனையோருக்கும் அவற்றைச் சேகரிக்கும் பாத்தியதை உண்டு. அப்பாத்தியதையை நிலைநாட்டும் காரியத்தைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது.

விறகு வெட்டினால் காடு அழியாதா என்பது நியாயமான ஆட்சேபமே. பச்சை மரத்தை வெட்டி வண்டி வண்டியாய் விற்பவனை நாம் ஆதரிக்கவில்லை. அவனையும், உலர்ந்த சுள்ளியைத் தலையில் சுமந்து வரும் ஸ்திரீயையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று என்றே சொல்லுகிறோம். தேவாங்கு காட்டில் மட்டுமல்ல, வயலோர முள்வேலிகளிலும் வாழ்வது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது. காட்டு விறகுக்கு வழி அடைபட்டால் அரிவாள் அவ்வேலியின் மேல்தான் விழும். அப்பொழுது ஏழைக்கும் நஷ்டம், தேவாங்குக்கும் நஷ்டம்.

ஆகவே வன இலாகாவினர் செய்யவேண்டியது இது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு உலர்ந்த விறகு எடுக்கலாம் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கிராமத்திலும் ஒட்டவேண்டும். புறம்போக்கில் விறகு மரம் நடவும், வேலியை வளர்க்கும் உழவனுக்கு உதவவும் முன்வரவேண்டும். கீழ் உத்தியோகஸ்தரின் தயவை நம்பி எவர் வீட்டு அடுப்பும் எரியலாகாது.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். விறகு சுமக்கும் பெண்களையே முன்னிறுத்திப் பேசச் செய்யுங்கள். கேளாத உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.