உங்கள் எடிட்டரில் போட்ட எக்ஸ்டென்ஷன் யாருக்காக வேலை செய்கிறது?

புது ஆபீஸில் சேர்ந்த முதல் நாள். லேப்டாப் கைக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்? விஎஸ் கோடை இறக்கி, பழைய அக்கவுண்டில் லாகின் செய்வீர்கள். பழகிய தீம், ஷார்ட்கட், இருபது முப்பது எக்ஸ்டென்ஷன் எல்லாம் தானாக வந்து உட்காரும். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அந்த டீ நேரத்தில் கம்பெனி லேப்டாப்புக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. 2025-ல் அடுத்தடுத்து நடந்த சம்பவங்களைப் பார்த்தால், இனி பார்த்தே ஆக வேண்டும்.

கலர் மாத்துற தீம்தானே, அதுல என்ன?

போனில் ஒரு ஆப் போட்டால் கேமரா வேண்டும், கான்டாக்ட்ஸ் வேண்டும் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது. எடிட்டருக்கு என்னென்ன உரிமை உண்டோ, அத்தனையும் எக்ஸ்டென்ஷனுக்கும் உண்டு. எடிட்டருக்கு இருப்பது உங்கள் உரிமை. அதாவது உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி, கிளவுட் டோக்கன், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதி வைத்திருக்கும் என்வி ஃபைல் எல்லாவற்றையும் அது படிக்கலாம், வெளியே அனுப்பலாம். வேறு புரோகிராமையும் ஓட்டலாம்.

வெறும் நிறப் பட்டியலாக இருக்கும் தீம் ஆபத்தில்லாததுதான். ஆனால் அதே பாக்கெட்டுக்குள் ஓடும் நிரலையும் வைத்து அனுப்ப முடியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2025 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். கிட்டத்தட்ட 90 லட்சம் முறை இன்ஸ்டால் ஆன 'மெட்டீரியல் தீம்' எக்ஸ்டென்ஷன்களை மைக்ரோசாஃப்ட் திடீரென நீக்கியது. ஒரு தீமுக்குள் யாரும் படித்துப் புரிந்துகொள்ள முடியாதபடி முறுக்கி வைத்த நிரல் இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். அடுத்த மாதமே, தவறு நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு அவற்றைத் திரும்பச் சேர்த்தது. அந்தத் தீம் நல்லதா கெட்டதா என்பதைவிட, கடை நடத்துபவர்களாலேயே சரக்கைப் பார்த்துச் சட்டென்று சொல்ல முடியவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

பெரிய கம்பெனியுடையதாக இருந்தால்?

பெயரை நம்பலாம் என்பவர்களுக்கு 2025 ஜூலை பதில் சொன்னது. அமேசான் க்யூ எக்ஸ்டென்ஷனின் திறந்த நிரலுக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்து, ஏஐ உதவியாளருக்கு ஒரு உத்தரவை எழுதி வைத்தார். பயனரின் ஃபைல்களையும் கிளவுட் வளங்களையும் அழித்துவிடு என்பதுதான் அந்த உத்தரவு. அது 1.84.0 பதிப்பில் அதிகாரபூர்வமாகவே வெளியானது. நல்லவேளை, அந்த நிரலில் பிழை இருந்ததால் ஓடவில்லை. வாடிக்கையாளர் யாருக்கும் பாதிப்பில்லை என்று அமேசான் சொன்னது. அப்டேட் தானாகவே வந்து இறங்கும் என்பதால், பயன்படுத்தியவர்கள் எந்தப் பட்டனையும் அழுத்தியிருக்கத் தேவையில்லை.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீல டிக்கும் அவ்வளவுதான். இந்த வெப்சைட் முகவரி இவருடையது என்று அது உறுதி சொல்கிறது. நிரலைப் பரிசோதித்தோம் என்று சொல்லவில்லை.

கர்சர் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல்

மைக்ரோசாஃப்ட் கடையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களை மைக்ரோசாஃப்டின் தயாரிப்புகளில் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது அதன் விதி. 2025 ஏப்ரலில் அதன் சி++ எக்ஸ்டென்ஷன் கர்சரில் வேலை செய்யாமல் போனது நினைவிருக்கலாம். அதனால் கர்சர், விண்ட்சர்ஃப், விஎஸ்கோடியம் போன்றவை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் 'ஓப்பன் விஎஸ்எக்ஸ்' கடையை நம்பியிருக்கின்றன. வியாபாரப் போட்டியில் பிறந்த இந்தப் பிரிவினையால், குறைந்த ஆள்பலம் கொண்ட ஒரு கடைக்குப் பெரிய கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

பின்னாலேயே திருடர்களும் வந்தார்கள். கர்சரில் 'சொலிடிட்டி' எக்ஸ்டென்ஷனைத் தேடிய ரஷ்ய டெவலப்பர் ஒருவர், அசலுக்கு மேலே நின்ற போலியை இன்ஸ்டால் செய்தார். போனது சுமார் 5 லட்சம் டாலர் கிரிப்டோ என்று காஸ்பர்ஸ்கி 2025 ஜூலையில் தெரிவித்தது. அக்டோபரில் 'கிளாஸ்வார்ம்' வந்தது. கண்ணுக்கே தெரியாத யூனிகோட் எழுத்துகளில் நிரலை ஒளித்து, டெவலப்பர்களின் டோக்கன்களைத் திருடி, அவற்றைக் கொண்டே மற்ற எக்ஸ்டென்ஷன்களுக்கும் பரவும் புழு அது. கோட் ரிவ்யூ செய்தால் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிட்டது. திரையில் அந்த இடம் வெற்று வரியாகத்தான் தெரியும்.

வேலை தேடுகிறீர்களா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

லிங்க்ட்இன்னில் ஒரு ரெக்ரூட்டர் பேசுகிறார். ரிமோட் வேலை, நல்ல சம்பளம். 'சின்ன டாஸ்க்தான், இந்த ரெப்போவை கிளோன் செஞ்சு ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணுங்க' என்கிறார். நீங்கள் ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். இன்னும் ஒரு வரிகூட ஓட்டவில்லை. ஆனாலும் வேலை முடிந்திருக்கலாம்.

புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே எடிட்டருக்கான கான்ஃபிக் ஃபைல்கள் இருக்க முடியும் என்பதுதான் காரணம். டீமில் எல்லோருக்கும் ஒரே அமைப்பு கிடைக்கட்டும் என்று வந்த நல்ல வசதி இது. அதில் 'டாஸ்க்ஸ்' ஃபைலில், ஃபோல்டர் திறந்தவுடன் இந்தக் கட்டளையை ஓட்டு என்று எழுதி வைக்கலாம். வட கொரியாவுடன் தொடர்புடையதாகச் சொல்லப்படும் 'கன்டேஜியஸ் இன்டர்வியூ' கும்பல், போலி நேர்முகத் தேர்வுகளில் இந்த வழியையும் கையாண்டிருக்கிறது.

விஎஸ் கோட் இதற்காகவே 2021-ல் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது: இந்த ஃபோல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா? நாம் அந்தக் கேள்வியைப் படிக்காமலேயே 'எஸ்' அழுத்திப் பழகிவிட்டோம். 'நோ' கொடுத்தாலும் ஃபைல்களைத் திறந்து படிக்கலாம், டாஸ்க்கும் டீபக்கும் ஓடாது. கர்சரில் இந்தக் காவல் தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருப்பதை 2025 செப்டம்பரில் ஒயாசிஸ் செக்யூரிட்டி சுட்டிக்காட்டியது. செட்டிங்ஸில் 'ஒர்க்ஸ்பேஸ் டிரஸ்ட்' என்று தேடி உங்களுடையது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

'நான் விம் ஆள், எனக்கென்ன' என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வரி: 2019-ல் விம், நியோவிம் இரண்டிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தாலே கட்டளை ஓடும்.

அப்போ எல்லாத்தையும் தூக்கிடணுமா?

வேண்டாம். நல்ல எடிட்டர் அமைப்பு தினமும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை. இன்ஸ்டால் பட்டியலைத் திறந்து, ஆறு மாதமாகத் தொடாததை நீக்குங்கள். பாதிக்கு மேல் போய்விடும். ஆபீஸ் வேலைக்கும் சொந்தச் சோதனைகளுக்கும் தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொண்டால் பட்டியல் சிறியதாகவே இருக்கும், ஆனால் அது பாதுகாப்புச் சுவர் அல்ல. முகம் தெரியாதவர் அனுப்பிய ரெப்போவை வேறொரு மெஷினிலோ விர்ச்சுவல் மெஷினிலோ திறப்பதுதான் சரி. தானியங்கி அப்டேட்டை நிறுத்துவது பற்றி இரண்டு கருத்து உண்டு. பாதுகாப்புத் திருத்தமும் அதே வழியில்தான் வருகிறது என்பதால், மொத்தமாக அணைப்பதைவிட முக்கியமில்லாத எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் நிறுத்துவது நல்லது. நியோவிமில் 'லேசி' பிளகின் மேனேஜர் உருவாக்கும் லாக் ஃபைலை கிட்டில் சேர்த்து வைத்தால், எந்தப் பதிப்பில் இருந்தீர்கள் என்பது பிடிபடும்.

டீம் லீடாக இருப்பவர்களுக்கு: எந்தெந்த எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் அனுமதி என்று கம்பெனி அளவில் பட்டியல் போடும் வசதி 2024 இறுதியிலிருந்து விஎஸ் கோடில் இருக்கிறது.

ஏற்கெனவே சந்தேகமான ஒன்றைத் திறந்துவிட்டீர்களா? அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. போன டோக்கன் திரும்பி வராது, எல்லாச் சாவிகளையும் மாற்ற வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் செக்யூரிட்டி டீமிடம் உடனே சொல்லுங்கள். இதுபோன்ற சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நடந்ததை, திட்டு விழுமோ என்று பயந்து திங்கள்கிழமை காலை சொன்னால், அதற்குள் சாவிகள் கைமாறி இரண்டு நாள் ஆகியிருக்கும்.