ஒப்பாரியை யூட்யூப்ல ஏத்தலாமா?

திருச்சுழிப் பக்கம் எங்க அப்பத்தா பாடினதெல்லாம் என் போன்ல இருக்கு. முளைப்பாரிக் கும்மி, தாலாட்டு, பெரியப்பா சாவுல அழுத ஒப்பாரி. "யூட்யூப்ல ஏத்துடா, இல்லாட்டி அழிஞ்சு போயிடும்"கிறாங்க நண்பர்கள்.

கும்மிக்குச் சரி. அது ஊரே கூடிப் பாடுறது. ஒப்பாரி அப்படியில்லீங்க. செத்தவர் பேரு, பங்காளிச் சண்டை, வீட்டுக் கடன் எல்லாம் அதுல வரும். துக்கத்துக்கு வந்தவங்க கேக்கலாம், உலகமே கேக்கணுமா?

கொல்லங்குடி கருப்பாயி பாடலையான்னு கேப்பீங்க. வானொலியிலயும், 1985-ல வந்த 'ஆண்பாவம்' படத்துலயும் அவங்க தெரிஞ்சேதான் மைக் முன்னால பாடினாங்க. அதான் வித்தியாசம்.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தோட 38-வது பிரிவு, பாடினவங்களுக்கு 50 வருஷ உரிமை தருது. ரெக்கார்ட் பண்ணினது நாமங்கிறதால பாட்டு நம்மளோடது ஆயிடாது.

என் முடிவு இதான்: அப்பத்தாவுக்கு ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டிக் கேக்கப் போறேன். சரின்னா ஏத்துவேன். வேணாம்னா ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு காப்பி. நம்ம வீட்டுப் பிள்ளைக கேக்கட்டும். பத்திரப்படுத்துறது வேற, பரப்புறது வேற. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?